உயிர் காக்கும் மோப்பம்

வீட்டு விலங்குகளுள் மனிதனோடு மிக நெடுங்காலம் உறவு பூண்டு வாழ்ந்து வருவது நாய். ஆடும் மாடும் மனிதனை வந்து அடைவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்னரே, நாய் அவனுடைய உறைவிடத்தின் வாயிலில் காவல் கிடந்தது. அவன் வேட்டைக்குச் சென்றபோது முன்னே ஓடி வழிகாட்டியது. மந்தை மேய்த்தபோது சிதறிய ஆடுகளை ஒன்று சேர்த்தது. அதன் நன்றியறிதலைப் பல நாட்டுப் புலவரும் புகழ்ந்துள்ளனர். ஆயின் நன்றியைப் பாராட்டிய அளவுக்கு அதன் மூக்கை மக்கள் பாராட்டினாரல்லர். அழியும் நிலையில் உள்ள பறவைகளையும் விலங்குகளையும் காக்கும் அரும்பணிக்கு இந்நாளில் அம்மூக்கே பெருந்துணையாகி வருகின்றது. வேட்டைக்குத் துணை போன விலங்கு காவலுக்குத் துணை வந்த வரலாறு யாவரும் அறிந்துகொள்ளத்தக்கது.

மனிதன் உலகத்தைப் பெரும்பாலும் கண்ணால் அறிகின்றான்; நாயோ மூக்கால் அறிகின்றது. மணத்தை உணரும் நுண்ணிய உயிரணுக்கள் மனிதனுடைய மூக்கில் ஏறத்தாழ 50 அல்லது 60 இலட்சம் உள்ளன. நாயின் மூக்கிலோ, அதன் இனத்துக்கு ஏற்ப, 20 கோடி முதல் 30 கோடி வரை உள்ளன என்பர். மணத்தைப் பகுத்தறியும் மூளைப்பகுதியும் நாய்க்கு விகிதத்தில் மனிதனுடையதினும் பன்மடங்கு பெரிது. நாம் மூச்சை உள்ளிழுத்த வழியாகவே வெளிவிடுகின்றோம். அதனால் எதிரே உள்ள மணம் கலைந்துவிடுகின்றது. நாயின் மூக்கிலோ இருபுறத்தும் சிறு பிளவுகள் உள்ளன. உள்ளிழுத்த காற்றை அஃது அப்பிளவுகளின் வழியே பக்கவாட்டில் போக்குகின்றது. ஆதலின் எதிரே உள்ள மணம் கலையாமல் நிற்க, புதிய காற்று இடையறாது உட்செல்கின்றது. மோப்பம் பிடிக்கும் நாய் ஒரு நொடியில் ஏறத்தாழ ஐந்து முறை காற்றை உள்ளிழுக்கும். அதன் ஈரமான மூக்குநுனி மணத்துகள்களைப் பற்றிக்கொள்ளும். அடுக்களையில் குழம்பு கொதித்தால், 'குழம்பு மணக்கின்றது' என்று நாம் ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். நாயோ பருப்பு வேறு, புளி வேறு, பெருங்காயம் வேறு என்று பிரித்தறியும்.

இத்தகைய மூக்கு உயிர்களைக் காக்கும் பணிக்கு முதன்முதலாகப் பயன்பட்ட நாடுகளுள் தலையாயது நியூசிலாந்து. தென் பசிபிக் மாகடலில் உள்ள அந்நாடு, பிற நிலப்பகுதிகளிலிருந்து பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்து தனித்து நின்றது. அதனால் வௌவால் இனங்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அங்கு இயற்கையாக இருந்ததில்லை. காட்டை ஆண்டவை பறவைகளே. நிலத்தில் பகை இல்லாமையால் அவற்றுட் சில பறத்தலையே மறந்தன. கிவி என்பது அவற்றுள் ஒன்று, ககாப்போ மற்றொன்று.

ககாப்போ கிளியினத்தைச் சார்ந்தது. உலகில் பறக்க இயலாத கிளி அஃது ஒன்றே. நன்கு வளர்ந்த ஆண் பறவை 4 கிலோகிராம் எடை வரை இருக்கும். பாசி படர்ந்த தரையைப் போன்ற பசிய நிறமுடையது. பகலில் உறங்கி, இரவில் நடந்து சென்று இலை, வேர், கனிகளைத் தின்று வாழ்வது. அதன் உடலிலிருந்து இனிய மணம் ஒன்று எப்போதும் வீசிக்கொண்டிருக்கும். பண்டைக்காலத்தில் அதற்குப் பகையாயிருந்தவை வானத்திலிருந்து கண்ணால் இரைதேடும் பெரும் பறவைகளே. ஆதலின் அச்சம் நேர்ந்தபோது ஓடாமலும் ஒலி செய்யாமலும் நின்ற இடத்திலேயே அசைவற்று நிற்பது அதன் இயல்பாயிற்று. பச்சை நிறமும் அசையாமையும் சேர்ந்து அதனைக் கண்ணிலிருந்து மறைத்தன. ஆனால் கண்ணை ஏமாற்றும் அவ்வுத்தி மூக்கை ஏமாற்ற வல்லதன்று.

மனிதர் அத்தீவுகளில் குடியேறியபோது மோப்பத்தால் இரைதேடும் விலங்குகளும் உடன் வந்தன. முதலில் வந்த மவோரி மக்களோடு நாயும் எலியும் வந்தன. பின்னர் வந்த ஐரோப்பியரோடு பூனையும் வேறு எலியினங்களும் முயலும் வந்தன. முயல்கள் அளவின்றிப் பெருகி மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கவே, அவற்றை ஒழிக்கும் பொருட்டு 1880-களில் ஸ்டோட் என்னும் விலங்கைக் கொணர்ந்து விட்டனர். அது கீரியைப் போன்று மெலிந்து நீண்ட உடலுடையது, ஊன் உண்பது, மரம் ஏறவும் நீர் நீந்தவும் வல்லது. முயலை ஒழிக்க வந்த அவ்விலங்கு பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சூறையாடத் தலைப்பட்டது.

இக்கேட்டை முன்னுணர்ந்தவர்களுள் ஒருவர் ரிச்சர்டு ஹென்றி. அயர்லாந்தில் 1845-ஆம் ஆண்டு பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, பின் நியூசிலாந்தில் குடியேறியவர் அவர். நாட்டின் தென்மேற்கில் தே அனோ என்னும் ஏரிக்கரையில் வாழ்ந்து, பறவைகளின் இயல்பை நாள்தோறும் நுணுகி நோக்கி வந்தார். அரசினர் 1891-ஆம் ஆண்டு ஃபியோர்ட்லாந்துக் கரையை அடுத்துள்ள ரெசொல்யூசன் தீவைப் பறவைகளின் புகலிடமாக ஒதுக்கினர். 1894-ஆம் ஆண்டு ஹென்றியை அதன் காவலராக அமர்த்தினர். பெருநிலத்தில் உள்ள ககாப்போக்களையும் கிவிகளையும் பிடித்து, ஸ்டோட் புகாத அத்தீவில் கொண்டு சேர்ப்பதே அவர் மேற்கொண்ட பணி.

அப்பணி சொல்லுதற்கு எளிது. செய்தற்கோ மிக அரிது. ஃபியோர்ட்லாந்து ஓயாத மழை பொழியும் நிலம். செங்குத்தான மலைகள், அடர்ந்த காடு, வழுக்கும் வேர்கள், பாறை இடுக்குகள் ஆகிய இவற்றிடையே பகலெல்லாம் அசையாது உறங்கும் பச்சைப் பறவையை மனிதக் கண் எங்ஙனம் காணும்? ஹென்றி ஒரு நாயைப் பழக்கினார். பறவையைக் கடித்துவிடாதவாறு அதன் வாய்க்குக் கூடு மாட்டினார். நாய் மோப்பம் பிடித்துச் சென்று பறவை ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டும். ஹென்றி அதனை ஊறின்றி எடுத்துப் படகேற்றித் தீவுக்குக் கொண்டு செல்வார். ஆண்டுகள் சிலவற்றுள் இங்ஙனம் நூற்றுக்கணக்கான பறவைகள் இடம் பெயர்க்கப்பட்டன.

ஆயினும் விதி வேறாக இருந்தது. 1900-ஆம் ஆண்டு ரெசொல்யூசன் தீவிலேயே ஸ்டோட் காணப்பட்டது. பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடைப்பட்ட குறுகிய கடலை அது நீந்திக் கடந்துவிட்டது. குளம் நிரம்பிய அன்றே கரை உடைந்தாற் போலாயிற்று. ஹென்றி மனமுடைந்தார், எனினும் 1908-ஆம் ஆண்டு வரை அங்கேயே இருந்து, தாம் கண்டறிந்த உண்மைகளை எழுதி வைத்தார். பறக்க இயலாப் பறவைகளின் பழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1903-ஆம் ஆண்டு வெளிவந்தது. தம் உழைப்பு வீணாயிற்று என்னும் துயரோடே அவர் 1929-ஆம் ஆண்டு காலமானார்.

ஆனால் அவர் கண்ட நெறி அவரோடு மறையவில்லை. தேடிக் கண்டு, பகையற்ற தீவில் சேர்த்தல் என்னும் அம்முறையே பிற்காலத்தில் ககாப்போவைக் காத்தது. 1970-களில் ஃபியோர்ட்லாந்தில் ஒரு சில ககாப்போக்களே எஞ்சியிருந்தன. அவையும் ஆண் பறவைகளே. 1975-ஆம் ஆண்டு அங்குக் கண்டுபிடிக்கப்பட்ட முதிய ஆண் பறவை ஒன்றுக்கு, முன்னோடியை நினைவுகூர்ந்து 'ரிச்சர்டு ஹென்றி' என்றே பெயர் சூட்டினர். பெண் பறவை இன்றேல் இனம் ஏது? அறிஞர் பலர் நம்பிக்கை இழந்திருந்த நிலையில், 1977-ஆம் ஆண்டு தெற்கே உள்ள ஸ்டூவர்ட் தீவில் ககாப்போக்கள் வாழ்வது தெரிய வந்தது. பழக்கிய நாய்களோடு தேடியபோது, 1980-ஆம் ஆண்டு அங்குப் பெண் பறவைகளும் உள்ளமை உறுதியாயிற்று.

மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. அத்தீவில் காட்டுப்பூனைகளாய்த் திரிந்த வீட்டுப்பூனைகள் அப்பறவைகளை விரைந்து கொன்று வந்தன. மனிதர் முந்துவரோ பூனை முந்துமோ என்னும் நிலை தோன்றியது. நாய்கள் மோப்பம் பிடித்துக் காட்டக் காட்ட, பறவைகளைப் பிடித்துப் பூனையும் ஸ்டோட்டும் இல்லாத சிறு தீவுகளுக்கு மாற்றினர். 1995-ஆம் ஆண்டு உலகம் முழுவதும் எஞ்சிய ககாப்போக்கள் 51 மட்டுமே. ஃபியோர்ட்லாந்திலிருந்து வந்த 'ரிச்சர்டு ஹென்றி' என்னும் முதிய பறவைக்கு 1998-ஆம் ஆண்டு மூன்று குஞ்சுகள் பிறந்தன. அப்பறவை 2010-ஆம் ஆண்டு இறந்தது. 2022-ஆம் ஆண்டில் ககாப்போக்களின் தொகை 252 ஆக உயர்ந்திருந்தது. இவ்வுயர்வுக்கு உணவூட்டல், கூடுகாத்தல், மருத்துவம் எனக் காரணங்கள் பல. ஆயினும் முதற்கண் அவற்றைக் காட்டிற் கண்டு மீட்டிராவிடின், பின்னர்க் காப்பதற்கு ஒரு பறவையும் இருந்திராது.

இதுகாறும் கூறியவற்றால், நாயின் மூக்கு எப்போதும் நன்மையே செய்வது என்று கருதிவிடலாகாது. 1987-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் வடபகுதியில் வைதாங்கி என்னும் காட்டில் கிவிகள் அடுத்தடுத்து இறந்து கிடந்தன. ஆய்வின் பொருட்டு வானொலிக் கருவி பொருத்தப்பட்டிருந்த கிவிகளுள் மட்டும் 13 மாண்டன. இத்துணைக் கொலையையும் செய்தது உரியவர் கைவிட்டுத் திரிந்த ஒரே ஒரு நாய். சில கிழமைகளுள் அது 500 கிவிகள் வரை கொன்றிருக்கலாம் என்று ஆய்ந்தவர் மதிப்பிட்டார். ககாப்போவைக் காத்த நாய்க்கும் கிவியைக் கொன்ற நாய்க்கும் மூக்கு ஒன்றே, விரைவும் ஒன்றே. வேறுபட்டவை பயிற்சியும் அடக்கமுமே. ஆற்றல் பெரிதாயின், அதனை ஆளும் ஒழுக்கமும் பெரிதாதல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே அப்பயிற்சி எத்தகையது என்று அறிதல் நலம். எல்லா நாய்களும் இப்பணிக்கு உரியவை ஆகா. இடையறாத ஊக்கமும் விளையாட்டில் தணியாத வேட்கையும் உடைய நாயையே தேர்ந்தெடுப்பர். பந்து ஒன்றைக் கண்டால் உணவையும் மறக்கும் நாயே சிறந்தது. முதலில், 'வா', 'இரு', 'நில்' என்னும் சொற்களுக்கு எந்நிலையிலும் கீழ்ப்படியக் கற்பிப்பர். பின்னர், தேடவேண்டிய உயிரின் இறகையோ உரோமத்தையோ எச்சத்தையோ மோந்து பார்க்கச் செய்து, அதனை மோந்தவுடன் பந்தை எறிந்து விளையாடுவர். இவ்வாறு பலநாள் செய்ய, 'இம்மணத்தைக் கண்டுபிடித்தால் விளையாட்டு உண்டு' என்று நாய் உணர்ந்துகொள்ளும். பிறகு அப்பொருளைப் புதரிலும் பாறை இடுக்கிலும் மறைத்து வைத்துத் தேடச் செய்வர். கண்டவுடன் அதனைத் தீண்டாமல் அமர்ந்தோ படுத்தோ அடையாளம் காட்டுதல் வேண்டும். எதிரே வேறு விலங்கு ஓடினும் துரத்தலாகாது. நாய்க்கு வேண்டுவது பறவையன்று, பந்தே. இதுவே இப்பயிற்சியின் நுட்பம்.

நாயைப் பழக்குவதைப் போலவே அதனை நடத்துவோரைப் பழக்குவதும் இன்றியமையாதது. மணம் காற்றோடு செல்வது; தோன்றிய இடத்திலிருந்து விசிறி போல விரிந்து பரவுவது. ஆதலின் நடத்துவோர் காற்றின் திசையை அறிந்து, அதற்குக் குறுக்கே நாயை அழைத்துச் செல்வர். நாய் திடீரெனத் தலையைத் திருப்பினால், மணவிசிறியின் விளிம்பைத் தொட்டுவிட்டது என்று உணர்வர். வாலின் அசைவு, மூச்சின் விரைவு, செவியின் நிலை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சொல்லாகும். ஈண்டு ஓர் இடர்ப்பாடும் உண்டு. நாய் தன் தலைவரின் முகக்குறிப்பை அறிவதில் மிக வல்லது. 'இங்கே இருக்கும்' என்று அவர் எதிர்பார்த்தால், அக்குறிப்பை உணர்ந்து, மணம் இல்லாத இடத்திலும் அமர்ந்து காட்டிவிடும். ஆதலால் தேர்வு நடத்தும்போது, பொருள் எங்கே மறைக்கப்பட்டது என்பதை நடத்துவோரும் அறியாதவாறு செய்வர். நியூசிலாந்தில் நாயும் அதனை நடத்துவோரும் ஒருங்கே தேர்வு எழுதாத மாணவர் போலத் தேர்ச்சி காட்டிச் சான்று பெற்ற பின்னரே இப்பணியில் இறங்கலாம். சான்று பெற்ற நாயும் அரிய பறவைகளைத் தேடும்போது வாய்க்கூடு அணிந்தே செல்லும்.

இந்நாய்களின் பணி இருவகைப்படும். அழியும் நிலையிலுள்ள உயிர்களைத் தேடிக் காட்டுவது ஒரு வகை. அவ்வுயிர்களுக்குப் பகையாகிய எலி, பூனை, ஸ்டோட் முதலியவற்றைத் தேடிக் காட்டுவது மற்றொரு வகை. பின்னதற்குத் தென் அட்லாண்டிக் மாகடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா என்னும் தீவு எடுத்துக்காட்டாகும். கடல்நாய் வேட்டைக்கும் திமிங்கில வேட்டைக்கும் வந்த கப்பல்களிலிருந்து எலிகள் அத்தீவில் இறங்கிப் பெருகின. தரையில் கூடு கட்டும் கடற்பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டர்களிலிருந்து நச்சிரை தூவி எலிகளை ஒழித்தனர். ஆனால் அனைத்தும் ஒழிந்தன என்று எங்ஙனம் அறிவது? ஓர் இணை எஞ்சியிருப்பினும் உழைப்பு முழுவதும் பாழன்றோ? எனவே 2017-ஆம் ஆண்டு இறுதி முதல் மூன்று நாய்கள் தீவெங்கும் நடத்திச் செல்லப்பட்டன. ஓர் எலியின் தடமும் அவற்றின் மூக்குக்குத் தென்படவில்லை. 2018-ஆம் ஆண்டு மே மாதம் அத்தீவு எலி நீங்கியது என்று அறிவிக்கப்பட்டது. நாயின் குறிப்பு எவ்வளவு சான்றாகுமோ, அதன் வாளாமையும் அவ்வளவு சான்றாகும். ஆனால் அந்நாய் நன்கு பயின்றதாய் இருத்தல் வேண்டும்.

நிலத்தில் மட்டுமன்றி நீரிலும் இம்மூக்கு பயன்படுகின்றது. அமெரிக்காவின் வடமேற்குக் கடற்பகுதியில் ஓர்கா என்னும் கருந்திமிங்கிலங்களின் ஒரு கூட்டம் தொகையிற் குறைந்து வந்தது. அவற்றைப் பிடித்துக் குருதி எடுத்து ஆராய்தல் இயலாது. அவற்றுக்கு அது பெருந்துன்பமுமாகும். ஆனால் அவற்றின் கழிவு சிறிது நேரம் நீரில் மிதந்து பின் அமிழ்ந்துவிடும். அதனைத் தேட, வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் டக்கர் என்னும் கரிய நாயைப் படகின் முனையில் நிறுத்தினர். ஒரு காலத்தில் சியாட்டில் நகரத் தெருக்களில் திரிந்த நாய் அது. நீரில் இறங்குவதற்கே விருப்பமற்றது. எனினும் காற்றில் வரும் மணத்தை உணர்ந்து அது எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கம் படகைச் செலுத்தினர். இவ்வாறு 2008 முதல் 2014 வரை திரட்டிய கழிவை ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டு ஓர் உண்மையை வெளியிட்டனர். கண்டறியப்பட்ட கருக்களுள் நூற்றுக்கு 69 வரை உயிருள்ள கன்றாய் நிலைக்கவில்லை. அதற்குத் தலையாய காரணம், அவற்றின் உணவாகிய சால்மன் மீன் அருகியதே. திமிங்கிலத்தைத் தீண்டாமலே அதன் பசியை உலகுக்கு அறிவித்தது அந்நாயின் மூக்கு.

நம் நாட்டிலும் இம்முறை வேறொரு வகையில் கையாளப்படுகின்றது. புலித்தோல், எலும்பு, யானைத்தந்தம் முதலியவற்றைக் களவாகக் கடத்துவோர், அவற்றைக் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைத்துச் செல்வர். 2008-ஆம் ஆண்டு முதல் இந்திய மாநிலங்கள் பலவற்றின் வனத்துறையினர் பயன்படுத்துவதற்காக மோப்ப நாய்கள் பழக்கப்பட்டு வருகின்றன. பெட்டியினுள்ளும் மூட்டையினுள்ளும் மறைத்தவற்றை அவை காட்டிக்கொடுக்கின்றன. கொன்றபின் பொருளைக் கண்டுபிடித்தலால் இறந்த உயிர் மீளாது. ஆயினும் அகப்படுவோம் என்னும் அச்சம் அடுத்த உயிரைக் காக்கக்கூடும்.

இவ்வரலாற்றால் நாம் உணர்வன சில உண்டு. இயற்கை அளித்த ஆற்றல் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அடக்கமும் பயிற்சியும் சேர்ந்தபோது அது பிற உயிர்க்கு அரணாகின்றது. கட்டின்றி விடப்பட்டபோது அதுவே கூற்றாகின்றது. கண்டுபிடித்தல் காத்தலின் முதற்படியே என்பதும் ரெசொல்யூசன் தீவு கற்பிக்கும் பாடமாகும். நாய் பறவையைக் காட்டும், பூனையையும் காட்டும். காட்டப்பட்டதைக் காப்பதும், பகையைத் தடுப்பதும், காட்டை அழியாமல் வைத்திருப்பதும் மனிதன் கடமை. அக்கேடுகளுட் பெரும்பாலனவற்றைக் கொணர்ந்து விட்டவனும் அவனே அன்றோ? ஒரு பந்து விளையாட்டையே ஊதியமாகக் கொண்டு மழையிலும் பனியிலும் உழைக்கும் வாயில்லா உயிர் தன் பங்கைக் குறைவறச் செய்கின்றது. வாயும் அறிவும் படைத்த மனிதன் தன் பங்கைச் செய்வானாயின், அருகிவரும் உயிர்கள் பலவும் மீண்டும் பல்கிப் பெருகும் என்பதில் ஐயமில்லை.